ஆறு மாதக் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடையநல்லூருக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். தையல் தொழில், வயது ஐம்பத்து நாலு. உங்கள் பேப்பரை இருபது வருடமாக வாங்குகிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 29 உலகப் பக்கவாத நாள் என்று அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். வாய் கோணுகிறதா, தூக்கின கை தொங்குகிறதா, பேச்சு குழறுகிறதா, ஒன்று இருந்தாலும் மணி பார்த்துக் குறித்துக்கொண்டு 108க்குப் போன் போடுங்கள், நாலரை மணி நேரத்துக்குள் போனால் ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட வழி உண்டு என்று தெளிவாக எழுதியிருந்தது. கத்தரித்துக் கடைச் சுவரில் ஒட்டலாம் என்றுதான் பக்கத்தை எடுத்தேன். கடைசிப் பத்திக்கு வந்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். முதல் ஆறு மாதத்தில் தேறுவதுதான் தேறும், அதற்குப் பிறகு மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம் என்ற கருத்தில் ஒரு வரி.

எங்கள் தெருவில் மாவு மில் வைத்திருக்கிற அண்ணாச்சிக்கு இந்தப் பங்குனியில் வலது பக்கம் விழுந்தது. ஏழு மாதம் முடிந்து எட்டு நடக்கிறது. நடக்கிறார். கை இன்னும் வரவில்லை. பார்வையிலும் வலப்பக்கம் கொஞ்சம் போய்விட்டது. இலையில் வலது ஓரத்தில் வைத்த கூட்டு அப்படியே இருக்கும், "கூட்டு வைக்கலியா" என்று கேட்பார். அவர் மகன் உங்கள் பக்கத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தான். "பேப்பர்லயே போட்டுட்டானுவ, பாத்தியளா அத்த? இனி அந்தப் பிசியோக்காரருக்கு ஒரு தடவைக்கு முந்நூறு ரூவா எதுக்குக் குடுக்கணும்?"

நல்ல பையன். அப்பாவைக் குளிப்பாட்டுவது, கக்கூசுக்குக் கூட்டிப் போவது எல்லாம் அவன்தான். கஞ்சத்தனத்தில் கேட்கவில்லை. அச்சில் வந்ததை நம்புகிறான். அந்த வரியை நம்பி நானும் எட்டு மாதத்தைத் தொலைத்தவள் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு வந்தது 2022 ஆவணியில். முகூர்த்த மாதம், ஒரு கல்யாண வீட்டு ஜாக்கெட் பதினொன்று பாக்கி. விடியக்காலம் ஐந்தரை மணிக்கு லைனிங் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது கத்தரி கையிலிருந்து விழுந்தது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. கை மரத்துவிட்டது போல என்று உதறப் பார்த்தால், உதறுவதற்குக் கை என் பேச்சைக் கேட்கவில்லை. மகளைக் கூப்பிட்டு "கத்தரியை எடு" என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது "கத்தரிக்கா". அவள் சிரித்துக்கொண்டே, "காலங்காத்தால கத்தரிக்காயா கேக்க?" என்றாள். எனக்கும் சிரிப்பு வந்தது. பாதி வாயில்தான் வந்தது.

தப்பு எங்கள் பேரிலும் உண்டு, மறைக்க மாட்டேன். பிரஷர் மாத்திரையை நானாகவே நிறுத்தி நாலு மாதம் ஆகியிருந்தது. தலைசுற்றல் நின்றுவிட்டதே, இனி எதற்கு என்று. எங்கள் வீட்டுக்காரர் முதலில் பித்தம் என்று சோடா வாங்கி வந்தார். பிறகு நரம்புப் பிடிப்பு என்று தைலம் தேய்த்தார். பிறகு ஒரு கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தலைக்கு ஸ்கேன் எடுக்கும்போது மணி ஒன்றரை. எட்டு மணி நேரம். மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, ஊசிக்கான நேரம் தாண்டிவிட்டது என்றார்கள். இடது பக்கம் அடைத்தால் வலது கை, வலது கால், அதோடு பேச்சும்.

ஒன்பது நாள் வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். உயிரைக் காப்பாற்றியவர்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் கையில் தந்த தாளில் மாத்திரைப் பெயர்கள் இருந்தன, கடைசியில் பிசியோ என்று ஒரே ஒரு சொல் இருந்தது, அதுவும் இங்கிலீஷில். கட்டிலிலிருந்து எப்படி எழுப்புவது, எந்தப் பக்கம் ஒருக்களிக்க வைப்பது, சாப்பாடு எப்படிக் கொடுப்பது, ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி தண்ணீர் குடித்ததும் புரை ஏறி மூச்சு நின்றுவிடும் போல ஆனது. கஞ்சி குடித்தால் ஏறவில்லை. என் அக்கா மகன் சென்னையில் பிசியோதெரபி படித்துவிட்டு வேலை பார்க்கிறான், அவன்தான் போனில் சொன்னான், "தண்ணி வேகமா ஓடிரும் சித்தி, உங்க தொண்டை மூடுறதுக்குள்ள மூச்சுக் குழல்ல போயிரும். கெட்டியா இருந்தா மெதுவா எறங்கும். நிமிர்ந்து உக்காந்து, நாடிய நெஞ்சுப் பக்கம் தாழ்த்தி, கொஞ்சங் கொஞ்சமா முழுங்குங்க." இதை அந்தத் தாளில் நாலு வரி தமிழில் எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

கப்பிக் கதையையும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கை சும்மா இருக்காது. யூடியூபில் பார்த்துவிட்டு, மேலே ஃபேன் கொக்கியில் கிணற்றுக் கப்பியை மாட்டி, கயிற்றின் ஒரு முனையை என் வலது மணிக்கட்டில் கட்டி, மறுமுனையை இடது கையில் கொடுத்தார். நல்ல கையால் இழுத்தால் கெட்ட கை மேலே போகும். தினம் ஐம்பது தடவை. நானும் இழுத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். மூன்றாவது வாரம் தோளில் வலி ஆரம்பித்து, படுத்தால் தூக்கம் போயிற்று.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த பிசியோ தம்பி வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, என்னைப் பார்ப்பதற்கு முன்னால் கப்பியைத்தான் பார்த்தார். நாற்காலி போட்டு ஏறி அவரே அவிழ்த்தார். பிறகு என் தோளில் விரல் வைத்து, எலும்புக்கும் மூட்டுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற பள்ளத்தை மகளுக்குக் காட்டினார். தோள் மூட்டைக் கட்டி வைத்திருப்பது சதைதானாம். சதை தளர்ந்துபோனால் கையின் கனமே மூட்டைக் கீழே இறக்கிவிடும். அந்த நேரத்தில் மேலே இழுத்தால் உள்ளே நசுங்கும். யாராவது என்னை எழுப்புவதற்கு வலது கையைப் பிடித்து இழுத்தார்களா என்று கேட்டார். கேட்க வேண்டுமா, வந்தவர் போனவர் எல்லோரும் அந்தக் கையைத்தான் பிடித்தார்கள், பாசத்தில். எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஒரு மாதமாக என் வலது தோளில் மட்டும் ஜாக்கெட் வழுகிக்கொண்டே இருந்தது. அடுத்தவர்களுக்கு ஷோல்டர் இறக்கம் கால் இஞ்ச் கூடினாலே கண்டுபிடிக்கிறவள், என் தோளே அரை இஞ்ச் இறங்கினதை மெலிவு என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கையைப் பிடிக்கக் கூடாது என்றால் வேறு எங்கே பிடிப்பது? பள்ளிக்கூடப் பைக்குப் போடுகிற நாடாவை மூன்று மடிப்பு வைத்து, கேன்வாஸ் துணியில் இடுப்புப் பட்டை ஒன்று மகள் தைத்தாள், பின்பக்கம் இரண்டு கைப்பிடியோடு. அதைப் பிடித்துத்தான் என்னை நடத்தினார்கள். அந்த மாதிரிப் பட்டை இதுவரை பத்துப் பன்னிரண்டு தைத்துக் கொடுத்திருக்கிறோம், நாடாக் காசு மட்டும் வாங்கிக்கொண்டு. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கினபோது பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வரும் என்பதுதான் எங்கள் ஊரில் பேச்சாக இருந்தது. எனக்கு அது ஒரு கப்பியை அவிழ்க்க வந்தது.

வீட்டு ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் போதும், அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. இந்தியாவிலேயே 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்து, 2017இல் லான்செட் என்கிற மருத்துவ இதழில் முடிவு வந்ததாம். வழக்கமான வைத்தியத்தோடு குடும்பத்துக்கும் பயிற்சி கொடுத்த கூட்டம் ஒன்று, கொடுக்காத கூட்டம் ஒன்று. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. அக்கா மகன் போனில் வாசித்துக் காட்டியபோது எங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் இருந்தார். முகம் சுருங்கிப்போனது. எனக்கென்னவோ அதைக் கேட்டதும் அவர் மேல் இருந்த கோபம் போய்விட்டது. பாவம், வயர்மேன் வயர் வேலைதானே செய்ய முடியும்.

இனி அந்த ஆறு மாதம். 2023 மாசியில் மறுபரிசோதனைக்குப் போனோம். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று வேண்டாம். அறைக்குள் இருந்தது மூன்று நிமிடம் இருக்கும். நான் நடக்கிறேன் என்று டாக்டர் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார், முழங்கை வரை வந்தது, விரல் விரியவில்லை. "ஆறு மாசம் ஆயிடுச்சும்மா. வர்றது வந்தாச்சு. இனிமே இதோட பழகிக்கணும்." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வீண் ஆசை வேண்டாம் என்று நினைத்திருப்பார். நான் வீட்டுக்கு வந்து பயிற்சிக்கு வைத்திருந்த பந்தை மகள் பிள்ளைக்கு விளையாடக் கொடுத்துவிட்டேன்.

பயன்படுத்தாத கை சும்மா இருக்கும் என்று நினைக்காதீர்கள். அது உள்ளே மடங்கும். முழங்கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது. விரல்கள் சுருண்டு நகம் உள்ளங்கையில் பதிந்தது. குளிக்கும்போது விரலை விரித்துக் கழுவ மகள் வர வேண்டும். கழுவாவிட்டால் இரண்டு நாளில் உள்ளங்கை நாறும். தைத்த கை அது. அந்த நாற்றத்தோடு எட்டு மாதம் இருந்தேன்.

அந்த வருடத் தீபாவளிக்கு அக்கா மகன் வந்தான். பதினாலு மாதம் ஆகியிருந்தது. கையைப் பார்த்துவிட்டு ஏசுவான் என்று நினைத்தேன், ஏசவில்லை. கையை மேசையில் வைத்து வெந்நீர்த் துணி போட்டு, மெதுவாக நீவி, அரை மணி நேரம் பேசாமல் இருந்தான். பிறகு மணிக்கட்டைத் தூக்கச் சொன்னான். தூக்கினேன், ஒரு நெல் உயரம். கட்டை விரலை விடச் சொன்னான். கொஞ்சம் விட்டது. "சித்தி, இது செத்த கை இல்ல. இத நீங்க கூப்பிடாம விட்டுட்டீங்க" என்றான்.

அமெரிக்காவில் எட்வர்ட் டாப் என்கிறவர் கண்ட முறை ஒன்று. நல்ல கையைக் கட்டிப்போட்டுவிட்டு, கெட்ட கையை வேலை செய்ய வைப்பது. மணிக்கட்டும் விரலும் கொஞ்சமாவது அசைகிறவர்களுக்குத்தான் ஆகும். பக்கவாதம் வந்து மூன்றிலிருந்து ஒன்பது மாதம் ஆன 222 பேரைச் சேர்த்து, பாதிப்பேருக்கு இரண்டு வாரம் இந்த முறையில் பயிற்சி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கை மற்றவர்கள் கையைவிட நன்றாகத் தேறியது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அது நின்றிருந்தது. 2006இல் வெளிவந்தது. ஆறு மாதத்தோடு கதவு அடைத்துவிடும் என்றால் ஏழாம் மாதக்காரருக்கும் எட்டாம் மாதக்காரருக்கும் கை எப்படித் தேறும்? வேகமாகத் தேறுவது முதல் மூன்று மாதம், பிறகு வேகம் குறையும், அது உண்மை. வேகம் குறைவது வேறு, நிற்பது வேறு. எனக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும். நீங்களும் அதைத்தான் எழுதியிருக்க வேண்டும்.

தேரோட்டத்தன்று ரத வீதியில் பஸ் போக முடியாவிட்டால் பின் தெரு வழியாகச் சுற்றிப் போகும் அல்லவா, மூளையும் அப்படி வேறு தெருவைப் பிடித்துக்கொள்ளும் என்றான் அக்கா மகன். தினமும் ஓட்டினால்தான் அந்தத் தெரு பழகும். அதனால் என் நல்ல கைக்கு ஒரு உறை தைத்தோம். பழைய ஜீன்ஸ் துணி, உள்ளே பஞ்சு, விரல் பிரியாமல், மணிக்கட்டில் ஒட்டுப் பட்டை. நடக்கும்போதும் அடுப்புப் பக்கத்திலும் கழற்றிவிட வேண்டும். விழப்போனால் பிடிக்கிற கை அது. மற்ற நேரம் போட்டே இருக்க வேண்டும். அதைப் போட்ட முதல் நாள் எனக்கு அழுகை வந்தது. மூக்கு அரித்தால் சொறிய முடியவில்லை என்பதற்காக.

பயிற்சிச் சாமான் எல்லாம் கடையிலேயே இருந்தது. கோட்டுப் பட்டன்களை ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்கு மாற்றுவது. அரை மணி நேரத்தில் முதல் நாள் நாலு. பத்தாவது நாள் பதினேழு. பிறகு சட்டைப் பட்டன், பிறகு கொக்கி. மெஷர் டேப்பைச் சுருட்டுவது, விரிப்பது. சாக்குக்கட்டியால் துணியில் கோடு இழுப்பது. ட்ரையல் கண்ணாடிக்கும் வேலை வந்தது: கண்ணாடியை மேசையில் நட்டமாக நிறுத்தி, வலது கையை அதன் பின்னால் மறைத்து, இடது கையை முன்னால் வைத்து அசைத்தால், கண்ணாடிக்குள் வலது கை அசைவது போலத் தெரியும். கை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வருகிற வலிக்காக வி. எஸ். ராமச்சந்திரன் கண்ட உபாயம் அது, நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். பிறகு பக்கவாதக் கைக்கும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அதனால் எவ்வளவு தேறியது என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் என் கை முழுசாக விரிவதை ஒன்றரை வருடம் கழித்து, பொய்யாகவாவது, பார்த்தேன். அன்று மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

காலுக்குப் பரணில் கிடந்த பழைய கால்மிதி மெஷினை இறக்கினோம். மோட்டார் மெஷினில் பாதத்தால் சும்மா அழுத்தினால் போதும், அது உதவாது. கால்மிதியில் பலகை ஒன்றுதான். இரண்டு பாதத்தையும் வைத்து இடது கால் மிதித்தால் வலது காலும் கூடவே முன்னும் பின்னும் ஏறி இறங்கும். ஊசி போடாமல், நூல் கோர்க்காமல், தினம் இருபது நிமிடம் வெறுமனே ஓட்டினேன். தெருப் பிள்ளைகள் எட்டிப் பார்த்து, "தச்சுக்கிட்டே இருக்காவ, துணியக் காணோம்" என்று ஓடும்.

பேச்சுக்கு வருகிறேன். நடக்காத கால் எல்லோர் கண்ணிலும் படும். வராத சொல் யாருக்கும் தெரியாது. மனதுக்குள் சாமான் இருக்கும், பெயர் இருக்காது. பாபினைப் பார்த்தால் அது என்ன, எங்கே மாட்டுவது எல்லாம் தெரியும், வாய்க்கு வராது. எண் இன்னும் மோசம். ஒருத்திக்குச் சுற்றளவு எடுத்தால் டேப்பில் முப்பத்து நாலு என்று பார்ப்பேன், சொல்ல வராது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனால் முப்பத்து நாலில் வந்து நிற்கும், அப்போது சொல்லலாம். அளவு கொடுக்க வந்தவள் அது வரைக்கும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பாள். சாமிப் பாட்டு தடங்கலில்லாமல் வரும். முருங்கையைத் தின்ன வந்த ஆட்டைப் பார்த்து வாய் நிறைய ஏசினேன், ஒரு எழுத்து பிசகவில்லை, தெருவே கைதட்டியது. உள்ளே வந்து "தண்ணி" என்று கேட்க முடியவில்லை. வாயாடிப் பழகினது, பாடிப் பழகினது, வரிசையாக ஒப்பித்தது எல்லாம் தானாக வரும். யோசித்து எடுக்க வேண்டிய சொல்தான் சிக்கும். இதற்கு அபேசியா என்று பெயர். 1861இல் பாரிஸில் புரோக்கா என்ற டாக்டர் பார்த்த ஒரு நோயாளிக்கு "டான்" என்ற ஒரு சத்தம் தவிர அநேகமாக வேறு வரவில்லையாம். அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தால் இடது பக்கம் முன்னால் பழுது. எனக்குக் கத்தரிக்காயாவது மிஞ்சியது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருபத்தொரு வகை இருக்கிறது. பேச்சு, மொழிக் குறைபாடு என்பதில் அபேசியா என்று பேர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்டு ஒரு முகாமுக்குப் போனேன். கை கால் எல்லாம் அளந்தார்கள். பேச்சுக்கு என்ன சோதனை தெரியுமா? "உங்க பேரு என்ன?" சொன்னேன். "ஊர்?" சொன்னேன். பேச்சு சரி என்று எழுதிவிட்டார்கள். சொந்தப் பேரை எவளும் யோசித்துச் சொல்ல மாட்டாள். மேசையில் இருந்த ஸ்டேப்ளரைக் காட்டி இது என்ன என்று கேட்டிருந்தால் நான் நாளைக்கு வரை நின்றிருப்பேன். அது எனக்கு வரவில்லை என்பதைச் சொல்லவும் எனக்குச் சொல் வரவில்லை. மகள் பேசப் போனாள், அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவரிடம் போக இரண்டு பஸ் மாற வேண்டும், போகவர ஒரு நாள் கூலி. மாதம் ஒருமுறை போனேன், மற்ற நாள் அக்கா மகனின் சிநேகிதி ஒருத்தி போனில் வீடியோவில் வந்தாள். கடையில் இருக்கிற சாமான் படங்களைக் காட்டி முதல் எழுத்தை மட்டும் சொல்லுவாள். "பா..." என்றால் "பாபின்" என்று வந்துவிடும். இழையின் நுனி கிடைத்தால் பிரிப்பது போலத்தான். வீடு தேடி பிசியோ வருகிற ஏற்பாட்டில் பேச்சுப் பயிற்சிக்காரரும், மாதம் ஒருமுறையாவது, வர வேண்டும் என்பதை உங்கள் பேப்பர் எழுதினால் படிக்க வேண்டியவர்கள் படிப்பார்கள். நான் மனுப் போட்டால் மற்ற மனுக்களோடு கட்டுக்குள்தான் போகும்.

ஒரு விஷயம் எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். மூன்றாம் மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு இழவு. நாற்காலியில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார்கள். ஒப்பாரி ஆரம்பித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க அடக்க வந்தது. செத்தவள் என்னோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தவள், உள்ளே எனக்கு நெஞ்சு வெடிக்கிறது, வெளியே குலுங்கிச் சிரிக்கிறேன். அவள் மகள் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. மூளையில் அழுகைக்கும் சிரிப்புக்கும் இருக்கிற கடிவாளம் அறுந்துவிட்டால் இப்படி ஆகும், பக்கவாதக்காரர் பலருக்கு உண்டு, மருந்தும் உண்டு என்று எனக்குச் சொன்னது ஒரு வருடம் கழித்து. அதுவரை எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்றே ஊரில் பேச்சு. மருந்து சாப்பிட்டேன், நின்றது. அந்தப் பெண்ணிடம் போய் விளக்கினேன். "சரி சித்தி" என்றாள். ஜாக்கெட் தைக்க மட்டும் இன்னும் வேறு கடைக்குத்தான் போகிறாள்.

இப்போது எந்த அளவில் இருக்கிறேன் என்று கேட்பீர்கள். வலது கையால் வெட்ட முடியாது. இடது கையால் வெட்டுகிறேன். சாதாரணக் கத்தரியை இடது கையில் பிடித்தால் இரண்டு அலகும் விலகித் துணியை மெல்லும், கோடும் கண்ணில் படாது. இடது கைக்காரர்களுக்கென்று தனிக் கத்தரி இருக்கிறது, சென்னையிலிருந்து வரவழைத்தேன். வலது கை துணியைப் பிடித்துக் கொடுக்கும், நகர்த்தும், கொக்கி எடுத்துத் தரும். காஜா எடுக்க வராது, மகள் எடுக்கிறாள். முன்பு ஒரு நாளைக்கு ஆறு ஜாக்கெட், இப்போது இரண்டு. பாதம் தொங்காமல் இருக்க பிளாஸ்டிக் பூட் போட்டிருக்கிறேன். அதற்காக வலது காலுக்கு ஒரு சைஸ் பெரிய செருப்பு வேண்டும், கடைக்காரர் இரண்டு ஜோடி வாங்கச் சொல்கிறார். உள்ளங்கை நாறவில்லை.

எங்கள் பக்கத்தில்தான் ஆய்க்குடி. அமர் சேவா சங்கம் ராமகிருஷ்ணன் 1975இல் கப்பற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்தில் விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவிழந்தவர். 1981இல் அங்கே மாற்றுத்திறனாளிகளுக்காகச் சங்கத்தைத் தொடங்கினார். அது முதுகுத்தண்டுக் கதை, என்னுடையது மூளைக் கதை, இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கவில்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரர்கள் அந்தக் கட்டடங்களைப் பஸ்ஸில் இருந்தே பார்த்துக்கொண்டு போகிறார்கள். என்னைப் பார்த்து "இனி எதுக்கு" என்றவர்களும் அந்தப் பஸ்ஸில்தான் போனார்கள்.

ஆகவே அந்த வரியைத் திருத்த வேண்டும். ஆறு மாதத்துக்குப் பிறகும் தேறும், மெதுவாகத் தேறும், எல்லோருக்கும் எல்லாம் தேறாது, எவ்வளவு தேறும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, விட்டுவிட்டால் இருப்பதும் சுருளும். இவ்வளவையும் ஒரு நரம்பியல் மருத்துவரிடமும் ஒரு பிசியோவிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டே போடுங்கள், தையல்காரி சொன்னாள் என்று போட வேண்டாம். ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பும்போது தருகிற தாளில் தமிழில் ஒரு பக்கம் வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டால் நல்லது: கையைப் பிடித்து இழுக்காதே, கப்பி கட்டாதே, தண்ணீரை இப்படிக் கொடு, சிரித்தால் பைத்தியம் என்று சொல்லாதே.

இந்தக் கடிதம் எழுத பதினொரு நாள் ஆனது. இடது கை எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். மணிக்கட்டு என்ற சொல்லுக்காக ஒரு பகல் முழுக்க இடம் விட்டு வைத்திருந்தேன், ராத்திரி பாத்திரம் கழுவும்போது வந்தது. பெயர் போட வேண்டாம்.

திருத்தம் வருகிற அன்று பேப்பரை நானே அண்ணாச்சி வீட்டுக்குக் கொண்டுபோவேன். நாலு வீடு தள்ளித்தான், வாசலில் இரண்டு படி. அவரே வாசிக்கட்டும் என்று ஆசை. அதனால் ஒரு வேண்டுகோள், அச்சுக்கோர்ப்பவர்களிடம் சொல்லுங்கள்: பக்கத்தின் இடது ஓரத்துப் பத்தியில் போடுங்கள். வலப்பக்கம் போட்டால் அவர் கண்ணில் படாது.

இப்படிக்கு,
தையல்காரி,
கடையநல்லூர் வட்டம்,
தென்காசி மாவட்டம்.